பட்டை நிப்பில் தமிழ் வருமா?

3 ஜூன் 2025, ஐரோலியிலிருந்து ஒருவர் கேட்டது

போன ஞாயிற்றுக்கிழமை தாதரில் ஒரு கேலிகிராஃபி பட்டறைக்குப் போயிருந்தேன். காலையிலிருந்து தேவநாகரி, கடைசி அரை மணி நேரம் ஆங்கிலம். தமிழ் எப்படி எழுதுவது என்று கேட்டதற்கு, "உங்கள் எழுத்துக்கு அந்த மரபே இல்லையே, ஓலையில் கீறியவர்கள்தானே நீங்கள்" என்று சிரித்தார் சொல்லிக்கொடுத்தவர். சுருக்கென்று இருந்தது. பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பட்டை நிப்பில் "அம்மா" என்று எழுதிப் பார்த்தேன். "ம்" மட்டும் தேறியது. "அ" தார் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. நிஜமாகவே தமிழுக்குக் கேலிகிராஃபி கிடையாதா? மும்பையில் தமிழில் எழுதிப் பழகுகிறவர்கள் யாராவது உண்டா?

4 ஜூன்

உண்டு. மாட்டுங்காவில் ஒரு மாடி அறையில் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, மூன்று மணிக்குக் கூடுகிறோம். தலைவர், செயலாளர், பெயர்ப்பலகை எதுவும் இல்லை. சந்தா என்று ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. மை வாங்கச் சேர்க்கிற காசு அதில் விழும், டீக்குப் போய்விடும். மொத்தம் ஒன்பது பேர். செம்பூரிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தமிழ் டீச்சர், முலுண்டிலிருந்து ஒரு வங்கிக்காரர், இரண்டு கல்லூரிப் பெண்கள். மற்றவர்கள் என்னைப் போல வாரம் முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் எழுத வருகிறவர்கள்.

அவர் சொன்னது பாதி சரிதான் தம்பி. வடக்கே ஓலையில்கூட மையைத் தொட்டு எழுதினார்கள். நம் பக்கம் எழுத்தாணியால் கீறிவிட்டு, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மேலே தேய்த்துத் துடைப்பார்கள். கீறலுக்குள் இறங்கின கரி மட்டும் நிற்கும். எழுத்தாணி எந்தப் பக்கம் திரும்பினாலும் கோட்டுக்கு ஒரே கனம். பட்டை நிப் அப்படியில்லை, திசைக்குத் திசை தடித்தும் மெலிந்தும் ஓடும், அதன் அழகே அதில்தான் இருக்கிறது. ஆக, தடிப்பும் மெலிவுமாகத் தமிழ் எழுதுகிற வழக்கம் நமக்கு இருந்ததில்லை. ஓலை கிழிந்துவிடக் கூடாதென்றுதான் நம் எழுத்தெல்லாம் உருண்டையாகவும் ஆயின. இதை ஒப்புக்கொண்டு வேலையைப் பார்ப்போம் என்பது என் கட்சி.

உங்கள் "அ" ஏன் தார் ஆனது என்று பிறகு எழுதுகிறேன். ரயில் வந்துவிட்டது.

5 ஜூன்

"கேலிகிராஃபி" என்ற சொல்லே நம்மைக் கேலி செய்கிற மாதிரி இருக்கிறது என்கிறார் முலுண்டுக்காரர். வனப்பெழுத்து என்று சொல்லலாமே என்று டீச்சர். சொல்லலாம். ஆனால் "வனப்பெழுத்து நிப் கொடுங்கள்" என்று கடையில் கேட்டால் இந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று தெரியவில்லை.

9 ஜூன்

நேற்றுக் கூடலில் போரு வெட்டினோம். போரு என்பது மராத்திக்காரர்கள் நாணலுக்கும், அதில் செய்கிற பேனாவுக்கும் சொல்கிற பேர். எங்களுக்குச் சொல்லித்தருகிறவர் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் மராத்திப் பெரியவர், எல்லோருக்கும் காகா. தமிழ் ஒரு எழுத்து தெரியாது. மாடியில் ஒன்பது தமிழர்கள் குனிந்துகொண்டு என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க வந்தவர், நாங்கள் பேனா பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்து மனசு கேட்காமல் உட்கார்ந்துவிட்டார்.

பென்சில் கனமுள்ள நாணல். ஒரு முனையில் நீளச் சாய்வாக ஒரே சீவு. தயங்கினால் நார் நாராகப் பிய்யும். உள்ளே வெள்ளையாக இருக்கிற சோற்றைக் கத்தி நுனியால் வழித்து எடுக்க வேண்டும், மிச்சம் விட்டால் அது மையைக் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் தோள் இறக்கி, நடுவில் ஒரு பிளவு. கடைசியில் முனையைக் கெட்டியான பலகைமேல் வைத்து, கத்தியை மேலிருந்து ஒரே அழுத்து. "டக்" என்று சத்தம் வர வேண்டும். எனக்கு ஏழாவது நாணலில்தான் வந்தது.

அந்தக் கடைசி வெட்டு நேராக இருக்காது, சாய்வாக இருக்கும். தேவநாகரிக்கு ஒரு பக்கச் சாய்வு, ஆங்கிலத்துக்கு அதற்கு எதிர்ப்பக்கம். "தமிழுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார் காகா. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் எங்களை அப்படிக் கேட்டதேயில்லை. சரி என்று இரண்டு விதமாகவும் வெட்டி, "க" எழுதிப் பார்த்தோம். ஆங்கிலச் சாய்வில் எழுதின "க" தமிழ் படிக்கப் போன வெள்ளைக்காரர் மாதிரி இருந்தது. நாகரிச் சாய்வில் வந்தது கொஞ்சம் குண்டு, ஆனால் நம் வீட்டு ஆள். ஒரே எழுத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, தெரியும். இருந்தாலும் நான் அன்றோடு நாகரிச் சாய்வு பக்கம்.

11 ஜூன்

எங்கே வாங்குவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கிராஃபர்டு மார்க்கெட் பக்கம் அப்துல் ரஹ்மான் தெருவில் காகிதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே போய் நடங்கள். பட்டை நிப் வைத்த பைலட் பேரலல் பேனா வாங்குவதென்றால் முதலில் 3.8 மில்லிமீட்டர். 1.5 வேண்டாம், தப்பு செய்தால்கூடத் தெரியாது. காசு செலவழிக்க மனமில்லையா, இரண்டு பென்சிலைச் சேர்த்து ரப்பர் பேண்டு போடுங்கள். இரண்டு கோடும் எங்கே விலகுகிறது, எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தாலே பட்டை நிப் என்ன செய்கிறது என்பது புரிந்துவிடும். குளிர்பானத் தகர டப்பாவை வெட்டி மடித்துக்கூடப் பேனா செய்கிறார்கள். விரல் பத்திரம்.

ஒரு எச்சரிக்கை. நீரில் கரையாத இந்தியன் மையை நல்ல ஃபவுண்டன் பேனாவில் ஊற்றாதீர்கள். அதில் அரக்கு இருக்கும், காய்ந்தால் பேனா கல். என் கல்யாணத்துக்கு வந்த பேனா அப்படித்தான் போயிற்று. ஊற்றினது நானேதான்.

15 ஜூன்

4-ஆம் தேதி எழுதினதில் ஒரு திருத்தம். ஓலை கிழியாமலிருக்கத்தான் எழுத்து உருண்டையானது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். டீச்சர் ஒன்றும் பேசாமல் ஒரு தாளில் ட, ப, ம, ர என்று எழுதி என் முன்னால் தள்ளினார். எது உருண்டை? எல்லாம் கோடும் மூலையும். நார் ஓடுகிற திசையில் படுக்கைக் கோடு இழுத்தால்தான் ஓலை பிளக்கும் என்பார்கள். "ட"வின் அடிக்கோடு அப்படித்தான் போகிறது, இருந்தும் எழுதியிருக்கிறார்கள். ஓலைக்கும் வளைவுக்கும் உறவு இருக்கிறது, ஒடியா, சிங்களம், பர்மிய எழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் "அதனால்தான்" என்று நான் எழுதினது வாட்ஸ்அப் பாணி. வாபஸ்.

ஓலையால் வந்தது என்று நிற்கிற விஷயம் ஒன்று உண்டு, புள்ளி. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே விட்டுவிடுவார்கள். குத்தினால் ஓட்டை. படிக்கிறவர்தான் இடம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

23 ஜூன்

நேற்று அவமானப்பட்ட கதை. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

கல்லூரிப் பெண்களில் ஒருத்தியின் அண்ணனுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் வைக்க ஒரு பலகை கேட்டார்கள். நான்கடி அகலம், கையால் எழுதின தமிழ். முதல் வெளி வேலை, எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. 6 மில்லிமீட்டர் நிப்பில் மாதிரி எழுதி, அதையே பெரிதாக்கிப் பலகையில் எடுத்தோம். "திருமண வரவேற்பு", கீழே மணமகன், மணமகள் பெயர்கள். தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாலை போட்டு, விளக்கு போட்டு, படம் எல்லாம் எடுத்தாயிற்று.

பெண் வீட்டுப் பெரியப்பா ஒருவர் பலகை முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி நின்றார். "திருமன வரவேற்பு. மனமகன். மனமகள். ஏம்மா, மூணு சுழி எங்கே போச்சு?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். நாங்கள் எழுதினது மூன்று சுழிதான், சத்தியம். ஆனால் நிப் கனத்தில் முதல் சுழி அடைந்து, பக்கத்து வளைவு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, ணகரம் னகரமாக இளைத்துவிட்டது. ஒன்றிரண்டு அல்ல, பலகையில் இருந்த எல்லா ணகரமும். "மனம் ஒத்துத்தானே திருமணம், இருக்கட்டும் ஐயா" என்று முலுண்டுக்காரர் சமாளிக்கப் பார்த்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவராம்.

24 ஜூன்

நேற்று இரவு தூக்கம் வராமல் எண்ணிப் பார்த்தேன். ஆங்கில இத்தாலிக் எழுத்தில் சின்ன எழுத்தின் உயரம் ஐந்து நிப் அகலம் என்று எல்லாப் பட்டறையிலும் சொல்லித்தருகிறார்கள். நாங்கள் யோசிக்காமல் அதையே தமிழுக்கும் எடுத்துக்கொண்டோம். ஐந்து நிப் உயரத்துக்குள் "n" இரண்டு கால் வைத்தால் போதும். "ண" அதே இடத்தில் ஒரு சுழி, இரண்டு வளைவு, ஒரு கால் எல்லாம் வைத்தாக வேண்டும். ஒண்டுக் குடித்தனம்.

ஐரோலித் தம்பி, உங்கள் "அ"வுக்கும் இதே நோய்தான். இன்னொன்று, "அ"வை ஒரே இழுப்பில் எழுதியிருப்பீர்கள். எழுத்தாணியும் பால்பாயிண்டும் எந்தப் பக்கமும் போகும். பட்டை நிப்பை மேல்நோக்கித் தள்ளினால் காகிதத்தில் மாட்டி மை தெறிக்கும். எங்கெல்லாம் மேலே ஏறுகிறதோ அங்கெல்லாம் பேனாவைத் தூக்கி, மறுபடி மேலிருந்து கீழே இழுங்கள். "அ"வை நான் மூன்று துண்டாக எழுதுகிறேன், "இ" ஐந்து. உயரம் எட்டு நிப் வைத்தால் சுழி மூச்சு விடுகிறது. இது இன்றைய கணக்கு, நாளைக்கு மாறலாம்.

6 ஜூலை

மெகா பிளாக், அதாவது தண்டவாள வேலைக்காக ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ரயிலை நிறுத்திவைப்பது. வந்தது மூன்று பேர். பேனாவைத் திறக்கவே இல்லை. தோசை சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம்.

8 ஜூலை

தோசைக்கு நடுவே டீச்சர் கேட்டது மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய "லை" எழுதுவீர்களா?

நாற்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1978 அக்டோபர் வரைக்கும் ணை, லை, ளை, னை நான்குக்கும் இப்போதிருக்கிற இணைக்கொம்பு கிடையாது. எழுத்தின் தலைக்கு மேலே தும்பிக்கை தூக்கின மாதிரி ஒரு வளைவு. ணா, றா, னாவுக்கும் அவற்றின் ஒகர ஓகாரங்களுக்கும் தனியாகக் கால் போடாமல், எழுத்தையே கீழே சுழித்து இழுப்பார்கள். மொத்தம் 13 எழுத்து. பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் மாற்றிக் காட்டினது, எம்.ஜி.ஆர். அரசாங்கம் ஆணையாகப் போட்டது. இங்கே தட்டச்சு செய்து காட்டலாமென்றால் முடியாது. யூனிகோடில் அதற்குத் தனி இடம் இல்லை, எழுத்துருதான் மாற வேண்டும்.

நான் ஒன்றாம் வகுப்பு படித்தது தாராவியில், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. முதலில் தும்பிக்கை வைத்த "லை" எழுதக் கற்றேன். பிறகு ஒருநாள் அது தப்பு என்றார்கள். திருநெல்வேலியிலிருந்து வருகிற ஆச்சியின் இன்லண்டு கடிதத்தில் மட்டும் தும்பிக்கை கடைசி வரை இருந்தது. ஆச்சிக்கு யாரும் ஆணை அனுப்பவில்லை போலும். "விலை", "மழையில்லை", "பிள்ளைகளை" என்று எழுதினால் ஒரு வரியில் நாலு யானை நடக்கும்.

அந்தக் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். புள்ளி பாதி இடத்தில் இல்லை. ஆச்சி ஓலையில் எழுதினவள் அல்ல. எழுதச் சொல்லிக்கொடுத்த தாத்தாவுக்கு அந்தப் பழக்கம் இருந்திருக்கும்.

9 ஜூலை

"பழசைக் கொண்டுவந்து குழந்தைகளைக் குழப்பாதீர்கள்" என்று ஒருவர். பாடப் புத்தகத்தில் வையுங்கள் என்று யார் சொன்னது? மாற்றினது நல்லதுதான், அச்சுக்கும் தட்டச்சுக்கும் 13 விதிவிலக்கு குறைந்தது. ஆனால் ஒரு நிமிஷம் நிப்பைப் பிடித்து அந்தத் தும்பிக்கையை எழுதிப் பாருங்கள். பட்டை நிப்புக்கென்றே செய்த வளைவு மாதிரி இருக்கிறது. மேலே மெலிந்து ஏறி, தோளில் தடித்து இறங்கும். இணைக்கொம்பில் இரண்டு சுழி, இரண்டும் அடையும். அழகுக்கு எழுதுகிற இடத்தில் நான் யானை பக்கம்.

13 ஜூலை

இந்த இழையில் மராத்திக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் சூடாகப் பேச்சுப் போகிறது. தாதரில் ஒருவர் சிரித்ததற்கு ஊரையே திட்டாதீர்கள். எழுத்துக்கு இந்த ஊர் செய்திருப்பது கொஞ்சமில்லை. கம்ப்யூட்டரில் இந்தி படிக்கிற எல்லோரும் பார்த்திருக்கிற மங்கல் எழுத்துருவைச் செய்த ஆர்.கே. ஜோஷி, பவாய் ஐ.ஐ.டி.யில் பாடம் எடுத்தவர். இந்த வருஷம் பத்மஸ்ரீ அறிவித்தார்களே, அச்சுத் பாலவ், அவர் மும்பைக்காரர். மோடி எழுத்தை உட்கார்ந்து ஆராய்ந்துவிட்டுத்தான் தன் பாணிக்கு வந்தார்.

மோடி என்றதும் ஒன்று. எழுத்தைச் சொல்கிறேன். மராத்தியை வேகமாக எழுத அரசாங்கக் கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த எழுத்து. முதலில் தாள் முழுக்கத் தலைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, பிறகு கொடியில் துணி காயப்போடுகிற மாதிரி எழுத்துகளைத் தொங்கவிட்டுக்கொண்டே போவார்கள். கை தூக்குவது குறைவு. காகாவுக்கு அது அத்துப்படி. தஞ்சாவூரில் மராட்டிய மன்னர்கள் காலத்து மோடி ஆவணங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன, பெரிய கோவில் சுவரிலேயே போன்ஸ்லே வம்ச வரலாற்றை 1803-இல் மராத்தியில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று டீச்சர் சொன்னதும் காகா நம்பவில்லை. ஃபோனில் படம் காட்டினோம். கண்ணாடிக்கு அருகில் வைத்துப் படித்துக்கொண்டே இருந்தார். டீ ஆறிவிட்டது. அடுத்த ஜனவரியில் தஞ்சாவூர் போக டிக்கெட் எப்படி எடுப்பது என்று இப்போது தினம் ஒருவரைக் கேட்கிறார்.

21 ஜூலை

மழை. காகிதம் ஈரம் குடித்து, மை கால் கால் விட்டுப் பரவுகிறது. கார்ட்ரிட்ஜ் தாளைத் தூக்கிப்போட்டுவிட்டு எல்லோரும் பட்டர் பேப்பரில் எழுதினோம்.

கல்யாணப் பலகைக்குப் பரிகாரமாக அதே வீட்டுக்கு எண்பது உறைகளில் தமிழில் முகவரி எழுதிக் கொடுத்திருந்தோம், ஊரிலிருந்து வர முடியாதவர்களுக்கு நன்றிக் கடிதம். பேனாவோடு வந்த நீர் மையில் எழுதிவிட்டோம், அறிவு இருந்தால்தானே. தபால்பெட்டிக்குப் போகிற வழியிலேயே மேலே இருந்த நாலைந்து உறைகள் அழுதுவிட்டன. மும்பையில் தமிழ் முகவரியை யார் படிப்பார் என்று முலுண்டுக்காரர் பந்தயம் கட்டினார். பின்கோடை எண்ணில், தெளிவாக, சாதாரணப் பேனாவில் எழுதியிருந்தேன். 6-இல் தொடங்கினால் வண்டி தெற்கே போகும், தமிழ்நாட்டுக்குள் போய்விட்டால் படிக்க ஆள் இருக்கிறது. இதுவரை திரும்பி வந்தது எதுவும் இல்லை. பந்தயப் பணம் டப்பாவில் விழுந்தது, டீயாக மாறியது.

27 ஜூலை

இதை முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். எப்படித் தோன்றாமல் போயிற்று என்று எனக்கே புரியவில்லை.

4 ஜூன் அன்று, தடிப்பும் மெலிவுமாகத் தமிழ் எழுதுகிற வழக்கம் நமக்கு இருந்ததில்லை என்று எழுதினேன். அதை எழுதினவளின் அப்பா தாராவியில் முப்பத்தைந்து வருஷம் போர்டு எழுதினவர். தொண்ணூறடி சாலையில் சலூன், மளிகைக்கடை, அம்மன் கோவில், இட்லிக் கடை என்று அவர் கை படாத கதவு குறைவு. பட்டை பிரஷ், எனாமல் பெயிண்டு. நூலில் சுண்ணாம்புத் தூள் தடவி, ஒரு முனையை நான் பிடிக்க, மறு முனையை அவர் இழுத்து நடுவில் சுண்டுவார். தகரத்தில் வெள்ளைக் கோடு விழும். அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் அவர் எழுதின தமிழ் தடிப்பும் மெலிவுமாகத்தான் இருந்தது. கால் தடித்து, கொம்பு மெலிந்து, சுழிக்குள் ஒரு சொட்டு வெளிச்சம் தெரியும்.

கேலிகிராஃபி என்றால் வழவழப்பான காகிதம், விலை உயர்ந்த பேனா, குளிரூட்டின அறை என்று நானும் நம்பிவிட்டேன் போல. பட்டறைக்காரர் "மரபே இல்லையே" என்று சொன்னபோது உங்களுக்குக் கோபம் வந்தது. எனக்கு அதுகூட வரவில்லை, தலையை ஆட்டிவிட்டேன். ஓலையில் இல்லை என்பது வரை சரி. தகரத்தில், சுவரில், லாரியின் பின்பக்கத்தில் எழுதினவர்களை யார் கணக்கில் சேர்த்தார்கள்? நானே சேர்க்கவில்லை. அந்த வாக்கியத்தையும் வாபஸ் வாங்குகிறேன். ஃப்ளெக்ஸ் வந்து இரண்டே வருஷத்தில் அப்பா பிரஷ்ஷை மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டு மூடினார். இப்போது 79 வயது.

4 ஆகஸ்டு

நேற்று அப்பாவை டாக்சியில் மாட்டுங்காவுக்குக் கூட்டிப் போனேன். மாடி ஏறப் பத்து நிமிஷம். கை நடுங்குகிறது, எழுதமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எல்லோருடைய தாளையும் வாங்கி, ஒன்றும் சொல்லாமல் புரட்டினார். என் தாள் வந்ததும் நின்றார்.

"ஏட்டி, ண-னாவுக்கு எடம் விட்டியா?"

"உயரத்தை எட்டு நிப் ஆக்கிட்டேன்பா."

"ஒசரத்த ஏன் கூட்டுத? அகலத்தக் கொடு. அவன் பெரிய குடும்பம், மூணு பேரு படுக்கணும். ப, ட, ர எல்லாம் ஒத்தக் கட்ட, கொஞ்சம் ஒதுங்கிப் படுக்கட்டும்."

அவர் போர்டு எழுதும்போது முதலில் எழுத்தை எழுதமாட்டாராம். வரியில் எத்தனை ண, ஞ, ழ, ஐ இருக்கிறது என்று எண்ணி, அவற்றுக்கு இடம் குறித்துவிட்டு, மிச்சத்தைத்தான் மற்ற எழுத்துகளுக்குப் பங்கு வைப்பாராம். இது ஒன்று. இரண்டாவது, சுழியைப் பட்டை முழுக்க வைத்து எழுதுவதில்லை. பிரஷ்ஷின் ஒரு மூலையை மட்டும் ஊன்றித் திருப்பி, சுழி முடிந்த பிறகு பட்டையைப் படுக்கவைத்து உடம்பை இழுப்பார். காற்றில் விரலால் செய்து காட்டினார். நடுக்கம் அப்போது தெரியவில்லை, அல்லது நான் பார்க்கவில்லை.

காகா இடையில் புகுந்து, நாங்களும் மூலையை ஊன்றுவோம், போருவில் மெல்லிசு முடிச்சுகளை அப்படித்தான் முடிப்போம் என்று மராத்தியில் சொன்னார். அப்பா பம்பாய் மராத்தியில் பதில் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு கிழவர்களும் எனாமல் பெயிண்டு விலையிலிருந்து 1982 மில் ஸ்டிரைக் வரை பேசித் தீர்த்தார்கள்.

5 ஆகஸ்டு

எழுதிப் பார்த்தேன். ஐந்தரை நிப் உயரம், "ண"வுக்கு ஒன்றரை மடங்கு அகலம், சுழிக்கு நிப்பின் மூலை. மூன்று சுழியும் மூன்றாகவே நிற்கின்றன. ஜூன் 24 கணக்கைக் கிழித்துப்போடுங்கள்.

14 ஆகஸ்டு

நேற்று உலகக் கேலிகிராஃபி நாளாம், ஆகஸ்டு மாதம் இரண்டாவது புதன். வேலை நாள் என்பதால் கூட முடியவில்லை. அவரவர் இருந்த இடத்தில் ஒரு ரயில் நிலையத்தின் பெயரைத் தமிழில் எழுதி அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம். எனக்குக் கிடைத்தது காட்கோபர், இரண்டு காலும் ஒரு கொம்பும். நன்றாக வந்தது என்று சொல்ல முடியாது. டீச்சர் ரயில் நிலையமே இல்லாத "ஃபைவ் கார்டன்ஸ்" எழுதி அனுப்பிவிட்டு, ஆய்த எழுத்துக்காக எழுதினேன் என்றார். பார்த்ததும் வாயடைத்துப் போனோம். நிப்பைச் சாய்வாக வைத்து மூன்று அழுத்து, மூன்று வைரம். அரபு எழுத்துக்காரர்கள் இந்த ஒற்றை வைரப் புள்ளியை வைத்துத்தான் எழுத்தின் உயரத்தையும் வளைவையும் அளப்பார்கள், பத்தாம் நூற்றாண்டு இப்னு முக்லா காலத்திலிருந்து. நமக்கு அளவுகோல் எழுத்துக்குள்ளேயே மூன்றாக உட்கார்ந்திருக்கிறது, நாம் அதை ஃபேன், ஃபோன் என்று எழுதப் பயன்படுத்துகிறோம்.

1 செப்டம்பர்

கணபதி வேலை. நேற்றுக் கூடல் இல்லை. கூடும் இடத்துக்கு வாடகை ஏற்றப் போகிறார்களாம், அது தனிப் புலம்பல், இங்கே வேண்டாம்.

3 அக்டோபர்

நேற்று விஜயதசமி. கட்டடத்துப் பிள்ளைகள் ஆறு பேருக்குத் தட்டில் அரிசி பரப்பி "அ" எழுதவைத்தோம். அரிசியில் விரலால் எழுதினால் தடிப்பு மெலிவு எப்படி என்று கேட்காதீர்கள், பாதியை ஒரு குழந்தை தின்றுவிட்டது. காகா தன் பேத்தியையும் கூட்டி வந்திருந்தார். மூன்று வயது. அவள் முதலில் எழுதினது தமிழ் "அ", பக்கத்திலேயே தேவநாகரி அ. எது எந்த மொழி என்று அவளுக்குக் கவலையில்லை, கையை எடுக்கச் சொன்னால்தான் அழுகிறாள்.

13 அக்டோபர்

ஐரோலித் தம்பி நேற்று ஒருவழியாக வந்து சேர்ந்தார். தாணே வந்து ஸ்லோ வண்டி பிடித்து, மாட்டுங்காவில் இறங்கி, தப்பான மாடி ஏறி, யார் வீட்டிலோ காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறார். நாலு மாதமாக எழுதின "அம்மா"க்களை ஒரு கோப்பில் போட்டுக் கொண்டு வந்திருந்தார், நூறுக்கு மேல் இருக்கும். அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசித் தாளில் கொஞ்ச நேரம் நின்றார்.

"ம் நல்லா வந்திருக்கு" என்றார்.

அடுத்த கூடல் 26-ஆம் தேதி, பிளாக் இருந்தால் நான்கு மணிக்கு. நாணல் இருக்கிறது. கத்தி அவரவர் கொண்டு வாருங்கள், என் கத்தியை உங்களில் யாரோ எடுத்துப் போயிருக்கிறீர்கள்.